பந்தல் உண்டு, பந்தி இல்லை

"ஏதாவது நடந்தா வாங்க."

இதைச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் மேசை விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஊசி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் அவள்தான். அந்தப் படிப்புக்குக் காவல் நிலையம் கொடுத்த மரியாதை ஒரு ஸ்டூல். அதற்கும் ஒரு கால் குட்டை.

"நடந்த பிறகு நாங்க எதுக்கு சார் வரணும்? அவளையே தூக்கிட்டு வருவாங்களே."

"பாருங்கம்மா, பொண்ணு பெத்தவங்க வீட்ல இருக்கு. பெத்தவங்க சமாதானமாகி வரவேற்பு வைக்கிறாங்க. இதுல எந்த இடத்துல குற்றம் இருக்கு? காட்டுங்க, எழுதிக்கறேன்."

"அவ போன் அணைஞ்சு கிடக்கு. கூப்பிட்டா அண்ணன்காரன்தான் எடுக்கறான். ஒரு தடவை குளிக்கறாங்கறான், ஒரு தடவை தூங்கறாங்கறான்."

"என் சம்சாரம்கூடத்தான் நான் கூப்பிட்டா போனை எடுக்கறதில்ல."

"அப்ப அவங்களைக் காணோம்னு நான் ஒரு புகார் எழுதித் தரட்டுமா சார்?" என்று பின்னாலிருந்து கேட்டான் ரேடியோ. "அதையாவது வாங்கிப்பீங்களா?"

அடுத்த நிமிடம் இருவரும் வாசலில் நின்றார்கள்.

ரேடியோ ஊசியின் உதவியாளன். அணைக்கிற பொத்தான் இல்லாமல் பிறந்தவன் என்பதால் அந்தப் பெயர். ஊசிக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் அவளிடம் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளைகள். வெல்டிங் பட்டறைக்கு மேல் மாடியில் அவள் நடத்தும் துப்பறியும் நிலையத்துக்கு வருகிற வேலைகளில் முக்கால்வாசி கல்யாண விசாரணை. பையன் குடிக்கிறானா, சொன்ன வேலையில்தான் இருக்கிறானா, ஏற்கனவே ஒரு குடும்பம் வைத்திருக்கிறானா என்று குத்திக் குத்திக் கேட்பாள். ஓடிப்போன மகளைக் கண்டுபிடித்துக் கொடு என்று வருகிறவர்களை மட்டும் வந்த படியிலேயே இறக்கி அனுப்பிவிடுவாள். கண்டுபிடித்த பிறகு அவர்கள் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

இன்றைக்கு வந்தவன் அப்படிப்பட்டவன் இல்லை. காவல் நிலையச் சுவரை ஒட்டி நின்றிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். வேலை நடுவில் ஓடிவந்திருந்ததால் கைகளில் கிரீஸ் அப்படியே இருந்தது.

"என்ன சொன்னாங்க மேடம்?"

"நடந்தா வரச் சொன்னாங்க."

முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துப் போனது.

அவன் கதை சின்னது. ஒரு பல் மருத்துவமனைக் கட்டடத்தில் லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும். வரவேற்பு மேசையில் இருந்த பெண் போன் செய்வாள், இவன் போவான். பிறகு லிஃப்ட் ஒழுங்காக ஓடும் நாட்களிலும் போன் வந்தது. பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். பெண் வீட்டுக்கு இவனைப் பிடிக்கவில்லை. இவன் உழைப்பிலோ ஒழுக்கத்திலோ குறை சொல்ல முடியாததால், இவன் எந்தச் சாதியில் பிறந்தான் என்பதைக் குறையாகச் சொன்னார்கள். அப்புறம் ஒரு நாள் பெண்ணின் அப்பா போன் செய்து அழுதார். போனது போகட்டும், வீட்டுக்கு வாம்மா, ஊரைக் கூப்பிட்டு வரவேற்பு வைத்துவிடலாம், மாப்பிள்ளை அன்றைக்குச் சாயங்காலம் வந்தால் போதும் என்றார். அவள் போனாள். அந்த வரவேற்பு நாளைக்கு.

"நிஜமாவே அழுதாரு மேடம். நானே காதால கேட்டேன்."

"அழுகை பொய்னு நான் சொல்லல. எதுக்காக அழுதாருங்கறதுதான் கேள்வி."

"பாஸ், நேரா வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டிடலாமா?" என்றான் ரேடியோ.

"தட்டினா குளிக்கறாம்பாங்க." ஊசி பல்லைக் கடித்தாள். வரவேற்பு உண்மை என்றால் கவலை இல்லை. பொய் என்றால் அவளைக் காப்பாற்ற மிச்சமிருப்பது இந்த ஒரு பகல். அந்தப் பகலிலும் பாதியை ஸ்டூலில் உட்கார்ந்து கழித்தாயிற்று. "வரவேற்பு நிஜமான்னு முதல்ல தெரியணும். பத்திரிகையை யார் வேணா அடிக்கலாம். போன்ல யார் வேணா அழலாம். ஆனா பொய்க்காக எவனும் அண்டா வாடகைக்கு எடுக்க மாட்டான். வண்டியை எடு."

*

பெண்ணின் அப்பாவுக்கு டைல்ஸ் கடை. அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடும் கடை ஒன்றுதான் இருந்தது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றின் மடியில் ஒன்றாக உட்கார்ந்து கூரையைத் தொட்டன. மூலையில் அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. பந்தல்காரர் ஒரு ஜிகினாத் துணியை உதறி மடித்துக்கொண்டிருந்தார்.

"வணக்கம் அண்ணே, நாங்க சமையல் கான்ட்ராக்ட்" என்றாள் ஊசி கூசாமல். "நாளைக்கு டைல்ஸ் கடைக்காரர் வீட்டு வரவேற்புக்கு எங்களைக் கூப்பிட்டிருக்காங்க. என்னென்ன பாத்திரம் உங்ககிட்ட எடுத்திருக்காங்கன்னு தெரிஞ்சா, மிச்சத்தை நாங்க கொண்டு வந்துடுவோம்."

பந்தல்காரர் மடிப்பதை நிறுத்தினார். "சமையலா? அவங்க பாத்திரமே எடுக்கலையே."

"ஒண்ணு கூடவா?"

"ஒரு கரண்டி கூட இல்ல. பந்தலும் சேரும் மட்டும்தான். நாளைக் காலையில போடணும்னு போன வாரமே சொல்லிட்டாங்க."

"வர்றவங்களுக்குக் காத்தைப் பரிமாறப் போறாங்க போல" என்றான் ரேடியோ.

ஊசி சிரிக்கவில்லை. "பொண்ணு மாப்பிள்ளை உட்கார மேடை?"

"இல்ல."

"சீரியல் லைட்டு? மைக்கு?"

"அதெல்லாம் வேண்டாம்னாங்க."

"பந்தலுக்கு என்ன துணி?"

"இந்த மாதிரி ஜிகினா எல்லாம் வேண்டாமாம். வெறும் வெள்ளைத் துணி போதுமாம்."

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். "இத்தனை வருஷமா தொழில் பண்றீங்க. பந்தல், சேர், வெள்ளைத் துணி. மைக் இல்ல, மேடை இல்ல, சமையல் இல்ல. இப்படி ஒரு ஆர்டர் வேற எதுக்கு அண்ணே வரும்?"

பந்தல்காரர் ஜிகினாத் துணியில் இல்லாத அழுக்கைத் தட்டினார்.

"அது... சாவுக்கு வரும்."

வாசலில் நின்றிருந்த மெக்கானிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"சாவுக்கு யாராவது ஒரு வாரம் முன்னாடியே சொல்லி வைப்பாங்களா?"

"எனக்கும் தோணுச்சும்மா."

"தோணுச்சா?"

"தோணுச்சு. ஆனா பெரிய குடும்பம். நமக்கு எதுக்கு வம்புன்னு..."

ஊசி பார்த்த எல்லா வழக்கிலும் கடைசியில் வந்து நிற்கிற வாக்கியம் இதுதான். கத்தியை ஒருவன்தான் பிடிக்கிறான். ஆனால் அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பது ஒரு தெரு. வண்டி ஓட்டுகிறவனுக்குத் தோன்றியிருக்கும், மருந்துக் கடைக்காரனுக்குத் தோன்றியிருக்கும், பக்கத்து வீட்டுக்குத் தோன்றியிருக்கும். எல்லோருக்கும் தோன்றும். ஒருவருக்கும் வாய் வராது.

"யார் போன் பண்ணினது? அப்பனா, அண்ணனா?"

"அந்த வீட்டம்மாதான். இன்னைக்கே வந்து போட்டுட முடியுமான்னு ரெண்டு மூணு தடவை கேட்டாங்க. வேன் ஒழியலைன்னுட்டேன்."

"அத்தையா?" என்றான் மெக்கானிக். அப்படிக் கூப்பிட அவனை யாரும் அனுமதித்ததில்லை. "அந்த வீட்ல ஒரே ஒரு நல்ல மனுஷி அவங்க அம்மாதான்னு சொல்லுவாளே மேடம்."

ஊசி எழுந்தாள். பெற்றவளே முன்நின்று பந்தல் சொல்கிறாள். அதிலும் ஒரு நாள் முன்னதாகவே வேண்டுமாம், அவ்வளவு அவசரம். யாரையாவது ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது ரேடியோ மட்டுமே.

"பாஸ், என்னை ஏன் அப்படிப் பார்க்கறீங்க?"

"வண்டியை எடு."

*

டைல்ஸ் கடைக்காரர் வீட்டுக்கு நேர் எதிர்வீடு ஒரு கணக்கு டீச்சருடையது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர் தோளிலிருந்த பையைக்கூட இறக்காமல் வாசலில் நின்று செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஊசி இந்த முறை பொய் சொல்லவில்லை. தான் யார், எதற்கு வந்திருக்கிறாள் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். டீச்சர் எதிர்வீட்டைப் பார்க்காமல் செடியையே பார்த்தார்.

"பொண்ணு வந்திறங்கினதைப் பார்த்தேன். அப்புறம் பார்க்கல. மாடி ஜன்னலை உள்ள இருந்து எதையோ வச்சு அடைச்சிருக்காங்க. ஒரு நாள் கத்தற சத்தம் கேட்டுச்சு."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"என்ன பண்றது? அவங்க வீட்டு விஷயம்." டீச்சரின் குரல் சட்டென்று சூடேறியது. "அப்புறம் அவங்க மேல எனக்கு ஒரு கோபம் வேற. கேளுங்க இந்த அநியாயத்தை. நேத்து அந்தம்மா கேட்டுக்கு வந்து நாளன்னைக்குக் காலையில விசேஷம், வந்துடுங்கன்னு கூப்பிட்டாங்க. பின்னாடியே பையன் நிக்கறான். சரிம்மா, வர்றேன்னேன். அதுக்கு அந்தம்மா, 'வீட்லயே சாப்டுட்டு வந்துடுங்க டீச்சர்'ங்கறாங்க! விசேஷத்துக்குக் கூப்பிட்டு, உன் சோத்தை நீயே தின்னுட்டு வான்னு சொல்ற குடும்பத்தை நான் இப்பத்தான் பார்க்கறேன். என்ன திமிர் பாருங்க!"

"நல்ல சிக்கனம்" என்றான் ரேடியோ. "அடுத்து, சேரையும் நீங்களே கொண்டு வாங்கன்னு..."

"வாயை மூடு" என்றாள் ஊசி.

அவள் சாலைக்கு அப்பால் அந்த வீட்டைப் பார்த்தாள். டைல்ஸ் ஒட்டிய முகப்பு பளபளத்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் எந்தக் கறையும் நிற்காத முகப்பு.

"நாமதான் முட்டாள்" என்றாள் மெதுவாக. "கொலை பண்றவங்க மறைப்பாங்க. இந்தம்மா எங்கே மறைச்சாங்க? ஆம்பளைங்க சொன்னது வரவேற்புக்கு ஏற்பாடு பண்ணுன்னு. பொண்ணு நம்பணும், தெரு நம்பணும், அதுக்காக. இந்தம்மா அவங்க காது கேக்கவே போன் பண்ணியிருக்காங்க, பையன் பின்னாடி நிக்கும்போதே உங்களைக் கூப்பிட்டிருக்காங்க. அவங்க காதுல விழுந்தது வரவேற்பு. நம்ம காதுல விழ வேண்டியது சாவு. போன்ல சமையல் வேண்டாம், வெள்ளைத் துணி போதும்னு சொன்னதை அவங்க கவனிச்சிருக்கவே மாட்டாங்க. ஆம்பளைங்களுக்கு அண்டா கணக்கு எப்பத் தெரிஞ்சிருக்கு?"

டீச்சரின் கையில் இருந்த குழாயிலிருந்து தண்ணீர் செருப்பின் மேல் வழிந்தது. அவர் கவனிக்கவில்லை.

"இன்னைக்கே பந்தலைப் போடச் சொல்லிக் கெஞ்சினாங்களாம். மகளைத் தீர்த்துக் கட்ட அவசரம்னு நான் நெனச்சேன். இல்ல. அவ உயிரோட இருக்கும்போதே பந்தல் விழுந்துட்டா, யார் போயிட்டாங்கன்னு தெரு கேக்கும்னு நெனச்சிருக்காங்க. அந்தம்மா ஊரைக் கூப்பிட்டுக் கத்திட்டே இருந்திருக்காங்க, டீச்சர். ஒருத்தர் வேன் இல்லைன்னாரு. ஒருத்தர் கோவிச்சுக்கிட்டாரு."

டீச்சர் குழாயை மூடினார். முகம் சிவந்திருந்தது. "இப்ப என்ன பண்ணணும்? சொல்லுங்க."

*

இன்றைக்கே பந்தல் போடச் சொன்னதும் பந்தல்காரர் மாட்டேன் என்றார். நாளைக்கும் இந்த ஊரில் கடை நடத்த வேண்டும் என்றார். அந்தக் குடும்பத்துக்கு ஆள் பலம் உண்டு என்றார்.

"உங்களை யாரும் சண்டைக்கு வரச் சொல்லல" என்றாள் ஊசி. "ஆர்டர் கொடுத்தது அந்த வீடு. பந்தல் போடறது உங்க தொழில். அதை நாளைக்குப் பண்ணினா சாவு வேலை, இன்னைக்குப் பண்ணினா அவ உயிரு. எது உங்களுக்குச் சௌகரியம்?"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அண்ணே" என்றான் ரேடியோ. "அவசரமே இல்ல. நாளைக்குப் பந்தல் போட்டுட்டு அவ முகத்தைப் பார்த்து நிதானமா யோசிக்கலாம்."

அவர் வேன் சாவியைத் தேடுவது போலச் சட்டைப் பையைத் தடவினார். சாவி கையிலேயே இருந்தது.

வெயில் தாழ்வதற்குள் டைல்ஸ் கடைக்காரர் வீட்டு முன்னால் நான்கு கம்பம் நின்றது. வெள்ளைத் துணி ஏறியது. நாற்காலிகள் தெருவை நோக்கி வரிசையாக விழுந்தன. அப்பாவும் அண்ணனும் கடையில் இருந்தார்கள். வீட்டுக்குள்ளிருந்து யாரும் தடுக்க வரவில்லை. டீச்சர் தனக்குத் தெரிந்த வீட்டுக்கெல்லாம் போன் செய்திருந்தார். என்னவென்று விளக்கவே இல்லை. "பந்தல் போட்டிருக்காங்க, வாங்க" என்று மட்டும் சொன்னார். வெள்ளைப் பந்தலைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. செருப்பைத் தேய்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள்.

மெக்கானிக்கை வேனுக்குள் குனிந்து உட்கார வைத்திருந்தாள் ஊசி. அவனுக்குக் காவல் ரேடியோ.

மகனோடு பைக்கில் வந்து இறங்கிய அப்பாவின் கையை ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டார். "எப்படிப்பா ஆச்சு? யாரு?"

"யாரும் இல்லையே! என்ன இது? எவன்யா பந்தல் போட்டான்?"

"நீங்க சொன்ன ஆர்டர்தான் சார்" என்றார் பந்தல்காரர். "நாளைக்கு வேன் இருக்காது. அதான் இன்னைக்கே வந்துட்டேன்."

"இது சாவுக்கு இல்லைய்யா! என் மகளுக்கு வரவேற்பு!"

"அட, அப்படியா?" டீச்சர் எழுந்தார். வகுப்பில் பேசுகிற குரல் அது. கடைசி வரிசை வரை கேட்டது. "சந்தோஷம். அப்ப பொண்ணைக் கொஞ்சம் கீழ கூப்பிடுங்க. எல்லாரும் வந்திருக்கோம். வாழ்த்திட்டுப் போயிடறோம்."

மகன் முன்னால் வந்தான்.

"அவளுக்குக் காய்ச்சல். தூங்கறா. எல்லாரும் கிளம்புங்க."

"பரவாயில்ல, நான் மேல போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

"டீச்சர், உங்க வேலையைப் பாருங்க."

அவன் சத்தமாகப் பேசவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தான், யார் யார் வந்திருக்கிறார்கள் என்று மனதில் குறித்துக்கொள்பவனைப் போல. அது போதுமாக இருந்தது. முதலில் எழுந்தவர் கையைப் பிடித்த அந்தப் பெரியவர்தான். அவசர வேலை இருக்கிறதாம். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம். குழந்தைக்குப் பாடம் இருக்கிறதாம். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாவதைப் பார்த்தபடி ஊசி நின்றாள். உட்கார்ந்திருப்பதைத் தவிர இவர்களிடம் அவள் எதுவுமே கேட்கவில்லை. அதைக்கூடக் கேட்டு வாங்க முடியவில்லை. அவள் படித்த படிப்பில் இதற்கு ஒரு பாடம் இல்லை.

ஆனாலும் பாதிப் பேர் போகவில்லை. டீச்சர் முதல் வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்கள் சிலர், விவரம் கேட்டுவிட்டு, காலியான இடங்களில் பேசாமல் உட்கார்ந்தார்கள். பொறுமை இழந்தது அப்பாதான். போனை எடுத்துக் காவல் நிலையத்தைக் கூப்பிட்டார். தெருவை அடைத்துப் பந்தல் போட்டுக் கலாட்டா செய்கிறார்கள், உடனே வாருங்கள் என்றார்.

ஜீப் உடனே வந்தது.

காலையில் பார்த்த அதே இன்ஸ்பெக்டர். ஒரு பெண் காவலரும் வந்திருந்தார். இன்ஸ்பெக்டர் ஊசியைப் பார்த்ததும் பல்வலிக்காரரைப் போல முகத்தைச் சுளித்தார்.

"நீங்களா?"

"நாங்க கூப்பிட்டா வரமாட்டீங்க. அதான் அவரையே விட்டுக் கூப்பிட வச்சோம்" என்றான் வேனிலிருந்து தலையை நீட்டிய ரேடியோ.

"எல்லாரும் கலைஞ்சு போங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "தெருவை மறிக்கக் கூடாது. எழுந்திருங்க, எழுந்திருங்க."

சீருடையைக் கண்டதும் உட்கார்ந்திருந்தவர்களும் எழத் தொடங்கினார்கள். அவ்வளவுதான் என்று நினைத்தாள் ஊசி. பந்தலைப் பிரிப்பார்கள், கதவைச் சாத்துவார்கள், விளக்கை அணைப்பார்கள். காலையில் மாரடைப்பு என்பார்கள். இந்த நாற்காலிகள் மறுபடி வரும்.

"மாடி ரூம் பூட்டியிருக்கு சார்."

எல்லோரும் திரும்பினார்கள். வீட்டுப் படியில் அந்த அம்மா நின்றிருந்தார். ஊசி எதிர்பார்த்ததை விடக் குள்ளமாக, சாதாரணமாக, சந்தையில் எதிரில் வந்தால் கவனிக்காமல் கடந்துபோகும் முகமாக இருந்தார்.

"சாவி என் பையன் பாக்கெட்ல இருக்கு" என்றார்.

"அம்மா, உள்ள போ!"

"இத்தனை பேர் இருக்கும்போது சொல்லலைன்னா நான் எப்படா சொல்லுவேன்?"

இன்ஸ்பெக்டர் தெருவைப் பார்த்தார். பாதி எழுந்தவர்கள் அப்படியே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கைந்து கைகளில் போன் உயர்ந்திருந்தது. அவர் சாவிக்காக அண்ணன்காரனிடம் கையை நீட்டினார்.

பெண் காவலர் மேலே போனார். நெடுநேரம் போல இருந்தது. பிறகு மகள் இறங்கி வந்தாள். ஒரு உதடு வீங்கியிருந்தது, மணிக்கட்டுகளில் கயிறு அழுத்திய தடம். வேன் கதவு உடைகிற மாதிரி திறந்தது. மெக்கானிக் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான். அவனுடைய கிரீஸ் அவள் தோலில் ஒட்டியது. அவள் அப்பாவுக்கு எதிரில் வந்து நின்றாள்.

"நாளைக்கு நான் என்ன உடுத்தணும்னு யோசிச்சு வச்சிருந்தீங்களாப்பா?"

அவர் பந்தல் துணியைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை.

"சரி, பொண்ணு கிடைச்சாச்சு" என்றார் இன்ஸ்பெக்டர். "புருஷனோட கிளம்பட்டும். குடும்பத்துக்குள்ள பேசி..."

"பேசியா?" ஊசியின் குரல் கிழிந்தது. "இந்தப் பந்தலை எதுக்குச் சொல்லி வச்சாங்கன்னு கேட்டு எழுதுங்க சார். இப்ப எழுதலைன்னா அவ போற ஊருக்குத் தேடிட்டு வருவாங்க."

"எழுதலாம்மா. கொல்லத் திட்டம் போட்டாங்கன்னு எழுதணும்னா, கேட்டவங்க யாராவது வேணும். யார் சாட்சி?"

கேள்வி நாற்காலிகளின் மேல் வந்து நின்றது. பந்தல்காரர் தரையைப் பார்த்தார். கத்தல் கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை தூரம் வந்தும் இந்த இடத்தில் தெரு நின்றுவிட்டது.

"நான் கேட்டேன்" என்றார் அந்த அம்மா. "இன்னைக்கு ராத்திரின்னு பேசிக்கிட்டாங்க. நெஞ்சுவலின்னு சொல்லிக்கலாம்னாரு இவரு. தலையணையை நான் பார்த்துக்கறேன்னான் இவன். என் கையால காபி கொடுத்துட்டு, நின்னு கேட்டேன்."

"நீ இனி இந்த வாசல்ல கால் வைக்க முடியாது" என்றார் அந்த அம்மாவின் கணவர். கத்தவில்லை. இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார்.

பெண் காவலர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். பேர் கேட்டார், வயது கேட்டார்.

"விலாசம் சொல்லுங்கம்மா."

அந்த அம்மா வாய் திறந்தார். திரும்பி அந்த டைல்ஸ் முகப்பைப் பார்த்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது. மகள் வாடகைக்கு இருப்பது ஒற்றை அறை. அங்கேதான் முதலில் தேடுவார்கள். அது எல்லோருக்கும் தெரியும். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். தன் பட்டறை மாடியைச் சொல்லிவிடலாமா என்று ஊசி வாயெடுத்தாள்.

"எதிர்வீட்டு நம்பரைப் போட்டுக்குங்க" என்றார் டீச்சர்.

பெண் காவலர் நிமிர்ந்தார். "உங்க வீடா? எத்தனை நாளைக்கு?"

டீச்சர் தோள்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, சாலையைக் கடந்துபோய்த் தன் வீட்டுக் கேட்டை இரண்டு பக்கமும் அகலத் திறந்துவிட்டு வந்தார்.

"கேஸ் முடியற வரைக்கும். முடியலைன்னா முடியாத வரைக்கும். நீங்க எழுதுங்கம்மா."